ஈர மணலில் எந்த மெட்டல் டிடெக்டர்? பூங்காவிலும் கடற்கரையிலும் தேடப் புறப்படுவோருக்கு

எசெக்ஸ் கடற்கரை ஒன்றில் ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கடல் வற்றிக்கொண்டிருந்த பிற்பகல். முழங்கால் அளவு தண்ணீரில் பிள்ளையைத் தூக்கித் தூக்கி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்த என் சித்தியின் மகள், கரைக்கு வந்ததும் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். சங்கிலி இல்லை. மூன்று பவுன், அம்மம்மா அவளுக்கென்று விட்டுப்போனது.

காரின் பின்பெட்டியில், நான் வாங்கி இரண்டு வாரமே ஆன மெட்டல் டிடெக்டர், மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைத் தேடும் கருவி, கிடந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தேன். காய்ந்த மணலில் அமைதியாக இருந்த கருவி, ஈர மணலுக்கு மேல் கொண்டுபோனதும் விடாமல் கத்தத் தொடங்கியது. எந்தப் பக்கம் வீசினாலும் கத்தல். உணர்திறனைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கினேன். கத்தல் அடங்கியது. ஆனால் என் விரலில் இருந்த மோதிரத்தை ஒரு சாண் தூரத்தில் காட்டினாலும் அதற்குத் தெரியவில்லை. இருட்டுவதற்கு முன்பே தண்ணீர் ஏறி அந்த இடத்தை மூடிவிட்டது. சங்கிலி கிடைக்கவில்லை.

கருவியில் பழுது ஒன்றும் இல்லை. பூங்காப் புல்வெளிக்கு நல்ல கருவி அது. உப்பு நீர் ஊறிய மணலுக்கென்று செய்யப்படவில்லை. அந்த வேறுபாட்டை எனக்கு முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை. ஆகவே முதல் கருவியை வாங்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது இங்கிலாந்தில். இங்கே வரும் சட்டமும் நாணயமும் இந்த ஊருக்குரியவை. கருவியைப் பற்றிச் சொல்பவை எந்தக் கரைக்கும் பொருந்தும்.

1. முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள்

கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் “எவ்வளவு செலவழிக்க நினைக்கிறீர்கள்?” என்பதாக இருக்கும். அதற்கு முன் நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: வரும் ஆறு மாதத்தில் எந்த மண்ணில் அதிகம் நிற்கப்போகிறேன்?

தேடுகிறவர்கள் மண்ணை நான்காகப் பிரித்துப் பார்ப்பார்கள். பூங்காப் புல்வெளி ஒன்று. அங்கே உப்பு இல்லை, ஆனால் குப்பை நிறைய: டின் திறக்கும் வளையங்கள், போத்தல் மூடிகள், சாக்லேட் சுற்றிய தாள், ஆணி. அடுத்தது காய்ந்த மணல், மக்கள் துண்டு விரித்துப் படுக்கும் பகுதி. எந்தக் கருவியும் இங்கே ஓரளவு வேலை செய்யும். மூன்றாவது, கடல் வந்து போகும் ஈர மணல். நான்காவது, தண்ணீருக்குள்ளேயே இறங்கித் தேடுவது.

முதல் இரண்டு மட்டும் போதும் என்றால் குறைந்த விலைக் கருவியே போதும். மூன்றாவது வேண்டும் என்றால் கருவியின் வகையே மாறும். நான்காவது வேண்டும் என்றால் அதே வகையில் முழுதும் நீர் புகாதது வேண்டும். “எல்லாவற்றுக்கும்தான்” என்று பதில் சொல்கிறவர்களிடம் ஒன்று சொல்வேன்: ஈர மணலுக்கு நல்லதாக இருக்கும் கருவி பூங்காவிலும் நன்றாகவே வேலை செய்யும். பூங்காவுக்கு மட்டும் செய்யப்பட்டது ஈர மணலில் உங்களைக் கைவிட்டுவிடும்.

2. பணம் கொடுக்கும் முன் அனுமதி

நிலம் எவருடையதோ அவருடைய சம்மதம் வேண்டும். பூங்கா பொது இடந்தானே என்று எண்ணிப் போகாதீர்கள். அது பெரும்பாலும் கவுன்சில் எனப்படும் உள்ளூராட்சி மன்றத்தின் சொத்து. சில கவுன்சில்கள் அடியோடு தடுக்கின்றன, சில எழுதிக் கேட்டால் தருகின்றன. உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள பூங்காக்கள் அனைத்திலும் தடை என்று தெரிந்தால், பூங்காவுக்கான கருவி வாங்கி என்ன பயன்? அதனால்தான் இதை இரண்டாம் படியாக வைத்திருக்கிறேன். ஒரு மின்னஞ்சல் போதும். பதிலை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் ஹைட் பார்க், ரிச்மண்ட் பார்க் போன்ற அரச பூங்காக்களில் தேடக் கூடாது. தேம்ஸ் வற்றும்போது தெரியும் கரைமண்ணில் லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு இல்லாமல் தேடக் கூடாது. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில், அதற்குரிய அனுமதி இல்லாமல் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம்; எதுவும் எடுத்திருக்க வேண்டும் என்பதில்லை.

கடற்கரையில் நிலைமை கொஞ்சம் எளிது. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் கரையில், பெருக்குக் கோட்டுக்கும் வற்றுக் கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் ஏறத்தாழ பாதி, அரச சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டின் வசம் இருக்கிறது. அதில் வேறு எவருக்கும் குத்தகைக்கு விடாத இடங்களில் தேடத் தனி அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. எந்த இடம் அவர்களுடையது என்று காட்டும் வரைபடம் இணையத்தில் இருக்கிறது. மீதிப் பாதிக்குக் கவுன்சிலையோ வேறு உரிமையாளரையோ கேட்க வேண்டும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கருவியையும் கொண்டுபோகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தாலே கலெக்டருக்கு அறிவித்தாக வேண்டும். இலங்கையில் உரிமம் இல்லாமல் தொல்பொருளுக்காகத் தோண்டுவது குற்றம். அதைவிடப் பெரியது, வடக்கிலும் கிழக்கிலும் மண்ணுக்குள் இன்னும் மிச்சமிருக்கும் மிதிவெடி. பீப் என்ற சத்தத்தைக் கேட்டு மண்வெட்டியை இறக்குவதற்கு அது இடமே இல்லை.

3. கருவி எதைக் கேட்கிறது

தடியின் நுனியில் தட்டு மாதிரி இருப்பது காயில். அதற்குள் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். அங்கே உலோகம் இருந்தால், அந்தப் புலம் உலோகத்தில் சிறு சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டாவது சுருள் அதைப் பிடிக்கும். திரும்பி வருவது எவ்வளவு பிந்தி வருகிறது என்பதைக் கொண்டு, உலோகம் எவ்வளவு நன்றாக மின்சாரம் கடத்துகிறது என்று கருவி கணக்கிட்டுத் திரையில் ஒரு எண்ணாகக் காட்டும். இரும்பு அடியில், வெள்ளியும் செம்பும் உச்சியில், மற்றவை இடையில்.

இதற்கு மேல் இயற்பியல் தேவையில்லை. ஆனால் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: கருவிக்குப் பொன் என்றோ செம்பு என்றோ தெரியாது. மின்சாரம் ஓடும் பொருளைத்தான் அதற்குத் தெரியும். உப்பு நீரிலும் மின்சாரம் ஓடும்.

4. ஈர மணல் என்ற தேர்வு

உப்பு நீர் ஊறிய மணல் முழுவதும் ஒரே பெரிய உலோகத் தகடு போலக் கருவிக்குத் தெரிகிறது. அது காட்டும் எண் மெல்லிய தங்கமும் அலுமினியத் தாளும் காட்டும் எண்ணுக்கு மிக அருகில் விழுகிறது. காயில் அனுப்பும் காந்தப்புலம் ஒரு நொடியில் எத்தனை முறை மாறுகிறது என்பதே அதிர்வெண்; ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் கருவிக்கு இரண்டையும் பிரிக்க வழி குறைவு. அன்று என் கருவி கத்தியதும் இதனால்தான். உப்பை மறைக்கப் போனால் சின்னத் தங்கமும் சேர்ந்து மறைந்துவிடும்.

இதற்கு வழி இரண்டு.

முதலாவது, ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்பும் கருவி. ஒரு மோதிரம் குறைந்த அதிர்வெண்ணுக்கு ஒரு விதமாகவும் கூடிய அதிர்வெண்ணுக்கு வேறு விதமாகவும் பதில் சொல்லும். உப்பு நீரும் அப்படியே, ஆனால் அதன் மாற்றம் வேறு தினுசு. இரண்டு பதில்களையும் ஒப்பிட்டு உப்பின் பங்கைக் கருவி கழித்துவிடுகிறது. விளம்பரத்தில் ஓர் எச்சரிக்கை: “பல அதிர்வெண்களில் தேர்ந்தெடுக்கலாம்” என்பதும் “பல அதிர்வெண்கள் ஒரே நேரத்தில்” என்பதும் வேறு வேறு. முதலாவதில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும். ஈர மணலுக்கு வேண்டியது இரண்டாவது. கடையில் இந்த ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்.

இரண்டாவது, பல்ஸ் வகைக் கருவி. பலமான துடிப்பு ஒன்றை அனுப்பிவிட்டு, அதை நிறுத்தி, சற்றுப் பொறுத்துக் காதைத் திறக்கும். உப்பு நீரின் பதில் அதற்குள் அடங்கிவிடும். மோதிரத்தின் பதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். கரிய இரும்பு மணல் நிறைந்த கரைகளில் இது மற்ற எதையும்விட ஆழமாகப் பார்க்கும். குறை என்னவென்றால் இது இரும்பையும் தங்கத்தையும் நம்பத்தகுந்த விதத்தில் பிரித்துச் சொல்லாது. ஒவ்வொரு ஆணிக்கும் குனிய வேண்டும். பூங்காவில் இதைக் கொண்டு ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. புதியவருக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

ஒற்றை அதிர்வெண் கருவிகள் சிலவற்றிலும் “கடற்கரை” என்று ஒரு நிலை இருக்கும். அது உணர்திறனைத் தணித்துக் கத்தலைக் கட்டுப்படுத்த உதவும். எப்போதாவது ஒரு முறை கடலுக்குப் போகிறவருக்கு அது போதும். வாரந்தோறும் போகிறவருக்குப் போதாது.

5. தங்கமும் டின் வளையமும்

கடைக்காரர்கள் பெருமையாகக் காட்டும் வசதி ஒன்று உண்டு: வேண்டாத உலோகங்களை ஒலிக்காமல் செய்வது. டின் வளையத்தின் எண் எங்கே வருகிறதோ அந்த இடத்தை அணைத்துவிட்டால் குப்பைக்குக் குனிய வேண்டாம் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தங்க மோதிரங்களில் பெரும்பகுதி விழுவதும் அதே எண்களில்தான். மெல்லிய மோதிரம் அலுமினியத் தாளின் எண்ணைக் காட்டும், நடுத்தரமானது டின் வளையத்தினுடையதை, கனத்தது இன்னும் மேலே. வளையத்தை மறைக்கிறவர் மோதிரத்தையும் மறைக்கிறார். எவ்வளவு விலை கொடுத்தாலும் இதிலிருந்து தப்பிக்கும் கருவி இன்னும் வரவில்லை.

ஆகவே கடற்கரையில் இரும்பை மட்டும் மறைத்துவிட்டு மீதி எல்லாவற்றையும் தோண்டுங்கள். மணலில் தோண்டுவது எளிது. பூங்காவில் குப்பை மிகுதி, புல்லும் கெடக் கூடாது. அங்கே உயர்ந்த எண்களை மட்டும் தேர்ந்து தோண்டுவதில் தவறில்லை. இந்த இரண்டு பழக்கத்துக்கும் இடம் கொடுக்கும்படி, எண்களைத் தெளிவாகக் காட்டும் திரையுள்ள கருவியாகப் பாருங்கள்.

இங்கத்தைய நாணயங்களும் உங்களைக் குழப்பும். ஒரு பென்னி, இரண்டு பென்னி நாணயங்கள் 1992 செப்டம்பர் வரை வெண்கலம். அதன் பிறகு வந்தவை செம்புப் பூச்சிட்ட எஃகு. ஐந்து, பத்துப் பென்னிகள் 2012 முதல் நிக்கல் பூச்சிட்ட எஃகு. எஃகு நடுவே இருப்பதால் இவற்றின் எண் ஓரிடத்தில் நிற்காமல் தாவும். 20 பென்னி செம்பும் நிக்கலும் கலந்தது. அது ஒழுங்காகப் பேசும். 1920க்கு முந்தைய சில்லிங் என்ற பழைய நாணயம் கிடைத்தால் அதில் 92.5 விழுக்காடு வெள்ளி. 1920 முதல் 1946 வரை பாதி வெள்ளி. திரையில் எண் உச்சிக்குப் போய் அசையாமல் நிற்கும். அந்த ஒலியை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார்.

6. சங்கிலி ஏன் தப்பிவிடுகிறது

இதை நம் வீடுகளில் உள்ளவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இங்குள்ள வழிகாட்டிகள் எல்லாம் மோதிரத்தை வைத்தே எழுதப்பட்டவை. நாம் அதிகம் அணிவதும் தொலைப்பதும் சங்கிலி, கொலுசு, காதணி.

மூன்று பவுன் என்றால் 24 கிராம். ஒரு மெல்லிய மோதிரத்தைப்போல் பத்து மடங்கு தங்கம் அதில் இருக்கலாம். ஆனால் கருவிக்கு அந்த எடை தெரியாது. சுழல் மின்னோட்டம் ஓடத் தடையில்லாத ஒரு வளையம் வேண்டும். மோதிரம் அப்படிப்பட்ட வளையம். சங்கிலியிலோ கண்ணிகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடக்கின்றன. மின்சாரம் ஒன்றிலிருந்து மற்றதற்குச் சரியாகப் பாய்வதில்லை. கருவிக்கு அது நூறு சின்னஞ்சிறு துணுக்குகளாகத்தான் தெரிகிறது. அவற்றில் பெரியது எதுவோ, பெரும்பாலும் கொக்கி, அதன் ஒலிதான் வரும். பென்டன்ட் கோத்திருந்தால் பிழைத்தீர்கள். வெள்ளிக் கொலுசும் இப்படியே: வெள்ளி உச்சி எண் காட்ட வேண்டியது, கொலுசாக இருப்பதால் அடியில் முனகும். மெட்டி சிறிதாக இருந்தாலும் மூடிய வளையமாக இருந்தால் நன்றாகக் கேட்கும்.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பாருங்கள். தொலைக்காட்சி, வைஃபை பெட்டி ஆகியவற்றிலிருந்து தள்ளி, மரப் பெஞ்சு ஒன்றில் கருவியைக் காயில் வெளியே நீட்டி நிற்கும்படி கிடத்துங்கள். மோதிரம் ஒன்றைக் காயிலுக்கு முன்னால் இடமும் வலமுமாக ஆட்டி, எவ்வளவு தூரம் வரை கேட்கிறது என்று அளவுகோலால் அளந்து, திரையில் வரும் எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். பிறகு அதே எடைச் சங்கிலியை நேராக நீட்டிப் பிடித்து ஆட்டுங்கள். பிறகு உள்ளங்கையில் குவித்து ஆட்டுங்கள். பிறகு டின் வளையம், அலுமினியத் தாள், 20 பென்னி. வேறு எவரோ எழுதிய எண் பட்டியலைவிட உங்கள் வீட்டு நகைகளை வைத்து நீங்கள் எழுதும் இந்த ஒரு பக்கம்தான் உதவும், ஏனென்றால் எண் தங்கத்தின் தரத்தோடு பருமனையும் வடிவத்தையும் பொறுத்து மாறும்.

சங்கிலிக்காக வாங்குகிறீர்கள் என்றால், சின்னத் தங்கத்துக்குக் கூர்மையான கருவி வேண்டும். கூடிய அதிர்வெண்கள், 15 கிலோஹெர்ட்சுக்கு மேற்பட்டவை, சிறியவற்றை நன்றாகப் பிடிக்கும். 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ளவை பெரிய வெள்ளி, செம்பு நாணயங்களை விரும்பும். இந்த இரண்டையும் ஒன்றாகத் தருவதும் பல அதிர்வெண் கருவிகளின் நன்மை.

7. காயில், எடை, தண்ணீர்

பெரிய காயில் ஆழம் பார்க்கும், அதிக நிலத்தை அளக்கும்; ஆனால் அருகருகே கிடக்கும் ஆணியையும் நாணயத்தையும் பிரித்துக் காட்டாது, சின்னப் பொருள்களைத் தவறவிடும். 11 அங்குலம் கடற்கரைக்கு நன்று. குப்பை நிறைந்த பூங்காவுக்கு 6 அங்குலக் காயில் கையில் இருந்தால் பெரிய உதவி. அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஆழத்தைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாணயம் அளவுள்ள பொருளை நல்ல மண்ணில் 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை கண்டால் அது நல்ல கருவி.

எடை முக்கியம். 1.3 கிலோ என்பது கடையில் ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். மூன்று மணி நேரம் வீசிய பிறகு தோள்பட்டை சொல்லும். வாங்கும் முன் உங்கள் உயரத்துக்குத் தடியைச் சரிசெய்து, முதுகு வளையாமல் பத்து நிமிடம் கடைக்குள்ளேயே வீசிப் பாருங்கள்.

நீர் புகாமை பற்றி: பல கருவிகளில் காயில் மட்டும் நனையலாம், திரையும் மின்கலமும் உள்ள மேற்பகுதி நனையக் கூடாது. அலை ஒன்று எதிர்பாராமல் முழங்காலில் அடித்தாலே போதும், உப்பு நீர் உள்ளே போய்விடும். ஈர மணலில் மட்டும் நிற்பவருக்கு மழையுறை போதும். தண்ணீரில் இறங்குகிறவர் முழுக் கருவியும் எத்தனை மீட்டர் வரை தாங்கும் என்று எழுத்தில் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் காயில், தடி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காயிலின் உறையைக் கழற்றி உள்ளே சேர்ந்த மணலையும் அகற்றுங்கள். கரிய மணல் சேர்ந்தால் அதுவே பொய் ஒலி கொடுக்கும்.

8. கடையில் காணும் பெயர்கள்

ஆஸ்திரேலியாவின் மைன்லேப், அமெரிக்காவின் காரெட், துருக்கியின் நோக்டா, பிரான்சின் எக்ஸ்பி ஆகிய நான்கு பெயர்களைத்தான் இங்கே அதிகம் காண்பீர்கள்.

பூங்கா, காய்ந்த மணல் மட்டும் என்றால் காரெட்டின் ஏஸ் வரிசை எளிமையானது. ஏஸ் 300 எட்டு கிலோஹெர்ட்ஸ் ஒற்றை அதிர்வெண் கருவி. பொத்தான்கள் குறைவு, பத்து வயதுப் பிள்ளையும் அரை மணியில் பழகிவிடும். நோக்டாவின் சிம்பிளெக்ஸ் வரிசையும் ஒற்றை அதிர்வெண்தான், ஆனால் முழுக்க நீர் புகாதது. ஏரி, குளம், ஆறு என்று நன்னீரில் இறங்குகிறவருக்குக் கொடுத்த காசுக்கு ஈடானது.

ஈர மணல் வேண்டும், கையில் பணம் குறைவு என்றால் 2019இல் வந்த மைன்லேப் வான்குவிஷ் வரிசையைப் பாருங்கள். குறைந்த விலையிலேயே பல அதிர்வெண்கள் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. மேற்பகுதி நனையக் கூடாது என்பதுதான் குறை. புதியவர் ஒருவர் என்னிடம் ஒரே ஒரு பெயர் கேட்டால் நான் சொல்வது இந்த வரிசையைத்தான்.

அடுத்த படியில் 2018இல் தொடங்கிய மைன்லேப் ஈக்வினாக்ஸ் வரிசையும் நோக்டாவின் லெஜண்டும். இரண்டும் பல அதிர்வெண், இரண்டும் நீரில் இறங்கும். எக்ஸ்பி டியூஸ் 2 இன்னும் குறைந்த எடை, 20 மீட்டர் வரை நீரில் தாங்கும், விலையும் அதற்கேற்ப. முதல் கருவியாக அதை வாங்கத் தேவையில்லை.

போலிகள் ஏராளம். மைன்லேப், காரெட் பெயர்களில் அச்சு அசலாகப் போலிக் கருவிகளும், தோண்டிய மண்ணில் பொருளைக் காட்டும் பின்பாயின்டர் என்ற சிறு கைக்கருவிகளும் இணையச் சந்தைகளில் விற்கப்படுகின்றன. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் நம்பாதீர்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியல் இருக்கும். பழைய கருவி வாங்குவதானால் ரசீதும் தொடர் எண்ணும் கேளுங்கள்; காயிலுக்குப் போகும் கம்பியை வளைத்தபடியே ஒலியைக் கேட்டுப் பாருங்கள், உள்ளே அறுந்திருந்தால் அப்போது தெரியும்.

கையில் உள்ள பணம் முழுவதையும் கருவிக்கே கொடுத்துவிடாதீர்கள். பின்பாயின்டர் இல்லாமல், தோண்டிய மண்ணில் கடலை அளவு காதணியைத் தேடுவது பெரும்பாடு. கடற்கரைக்குத் துளையிட்ட மணல் கரண்டி வேண்டும். பூங்காவுக்கு ஓரம் கூரான கைக்கரண்டி. காதை மூடும் ஹெட்போன் ஆடம்பரமில்லை. காற்றும் அலையும் இரையும் இடத்தில் ஆழத்துச் சிறு ஒலி அது இல்லாமல் கேட்காது.

9. முதல் சில வாரங்கள்

அனுமதி பெற்ற புல்வெளியில் தோண்டும்போது மண்ணை முழுதாகப் பெயர்க்காதீர்கள். குதிரை லாடம் போல மூன்று பக்கம் வெட்டி, நான்காம் பக்கம் வேரோடு நிற்கும்படி மடித்துத் திறங்கள். பொருளை எடுத்ததும் மூடி, காலால் அழுத்துங்கள். ஒழுங்காக மூடாத ஒரு குழியால் அந்தப் பூங்கா எல்லோருக்கும் அடைபட்டுவிடும்.

கடலுக்குப் போகும் நாளில் வற்று நேரத்துக்கு இரண்டு மணி முன்பே போய், இறங்கும் தண்ணீரின் பின்னே நடங்கள். தூண்டில் ஈயக் குண்டும் நாணயங்களும் ஓரிடத்தில் சேர்ந்து கிடைத்தால் அங்கேயே நில்லுங்கள். கனத்தவற்றை அலை ஒன்றுசேர்த்து வைத்திருக்கிறது, மோதிரமும் அங்கே இருக்கலாம். தண்ணீர் திரும்பும் நேரத்துக்குத் தொலைபேசியில் மணி வையுங்கள். எசெக்ஸ் சேற்றுத் திடல்களில் கடல் முன்னால் இருந்து மட்டும் வராது. பின்னால் உள்ள வாய்க்கால்களில் முதலில் நிறைந்து கரைக்குப் போகும் வழியை அடைத்துவிடும்.

வெடிகுண்டு, பீரங்கி ஷெல் போல ஏதாவது தென்பட்டால் தொடாமல் விலகி 999ஐ அழைத்துக் கடலோரக் காவல் படையைக் கேளுங்கள். இரண்டாம் உலகப் போரின் மிச்சங்கள் இந்தக் கரைகளில் இன்னும் வெளிப்படுகின்றன.

கிடைப்பது எல்லாம் உங்களுடையது என்று எண்ணிவிடாதீர்கள். அண்மைக்கால நகை எவரோ தொலைத்தது. உரியவரைக் கண்டுபிடிக்க முயலாமல் வைத்துக்கொண்டால் சட்டத்தின் கண்ணில் அது திருட்டு. உடைந்த கப்பலைச் சேர்ந்த பொருளை 28 நாளுக்குள் அதற்குரிய அரசு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். 300 ஆண்டுக்கு மேற்பட்ட, குறைந்தது பத்து விழுக்காடு பொன்னோ வெள்ளியோ உள்ள அணிகலன் போன்றவை 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் புதையல். 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் இதற்கென ஓர் அலுவலர் இருக்கிறார், பொருளைக் கொண்டுபோனால் மற்றதை அவரே சொல்லித் தருவார். ஸ்காட்லாந்தில் விதி வேறு, இன்னும் கடுமையானது.

10. எவராவது நகையைத் தொலைத்தால்

கருவி வாங்கிய செய்தி பரவியதும் இந்த அழைப்பு ஒரு நாள் வரும். நீங்கள் போய்ச் சேரும் முன் அவர்கள் செய்ய வேண்டியதைத் தொலைபேசியிலேயே சொல்லுங்கள். பத்துப் பேர் இறங்கி மணலைக் கிளற வேண்டாம். மிதிபட மிதிபட நகை கீழே போகும். கடைசியாக நகையைப் பார்த்த நேரத்தை எழுதி வைக்கட்டும். வற்றும் கடலா பெருகும் கடலா என்றும் குறிக்கட்டும்.

இடத்தை அடையாளம் வைப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நம் மீனவர்கள் கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் ஒன்றின் பின் ஒன்றாக நேர்ப்படுத்தி, இன்னொரு பக்கம் வேறு இரண்டை நேர்ப்படுத்தி, நடுக்கடலில் ஓர் இடத்துக்குத் தவறாமல் திரும்பி வருவார்கள். அதையே செய்யச் சொல்லுங்கள். நின்ற இடத்திலிருந்து கரையைப் பார்த்து ஒரு படம்: விளக்குக் கம்பமும் அதன் பின்னுள்ள வீட்டின் புகைபோக்கியும் ஒரே கோட்டில். பக்கவாட்டில் திரும்பி இன்னொரு படம்: மரத் தடுப்பின் நுனியும் தொலைவில் உள்ள ஏதாவது ஒரு கட்டடமும். இந்த இரண்டு படம் இருந்தால் தண்ணீர் ஏறி இறங்கிய பிறகும் அறை அளவு இடத்துக்குள் தேடினால் போதும். கயிறு பிடித்து, கோடு கோடாக, காயிலின் பாதி அகலம் முந்திய கோட்டின் மேல் படும்படி மெதுவாக வீசுங்கள்.

அந்த ஆகஸ்ட் ஞாயிறன்று எங்கள் எவருக்கும் படம் எடுக்கத் தோன்றவில்லை. மறு வாரம் பல அதிர்வெண் கருவி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். ஈர மணலில் அது ஒரு முறைகூடக் கத்தவில்லை. “இங்கேதான் நின்றேன்” என்று தங்கை காட்டிய இடத்துக்கும் அவள் கணவர் காட்டிய இடத்துக்கும் நடுவே நாற்பது அடி இருந்தது.